கவையும் முள்ளும் கோடும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

புலவர்களும் ஆசிரியப் பெருமக்களும் ஏறிப் பேசிய இம்மேடையில், பத்தாம் வகுப்பு மட்டுமே தேறிய இரயில்வே எழுத்தன் ஒருவனை ஏற்றியிருக்கிறீர்கள். திருவனந்தபுரம் நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் மூட்டைகளை எடையிட்டுச் சீட்டு எழுதுவது என் தொழில். சொல்லாராய்ச்சி என் தொழிலன்று. எனினும் மூட்டைகளோடு மூட்டையாகச் சில சொற்களும் என் மேசைக்கு வந்து சேர்கின்றன. அவற்றுள் ஒரு சொல் வந்த கதையையும், அது என் வீட்டில் விளைத்த ஒரு சிறு கலகத்தையும் இன்று உங்கள் முன் வைக்க எண்ணுகிறேன். நான் சொல்வது கவைக்கு உதவாத பேச்சென்று தோன்றினால் பொறுத்தருளுங்கள். 'கவைக்கு உதவாத' என்னும் அத்தொடரைக் காரணத்தோடுதான் சொன்னேன். பிறகு அதற்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு மழைக்காலத்திற்குச் சற்று முன்பு, தோட்ட வேலைக்கு வேண்டிய இரும்புக் கருவிகள் கட்டுக் கட்டாக ஒரு பார்சலில் வந்தன. நான்கு பற்களோடு கூடிய மண் கிளறும் கருவிகள் அவை. ஆங்கிலத்தில் எழுதியிருந்த சீட்டில் 'ஃபோர் டைன் ஃபோர்க்' என்று கண்டிருந்தது. ஃபோர்க் நமக்குத் தெரியும். அஃது என்ன 'டைன்'? அருகில் அமர்ந்திருந்த மலையாள நண்பருக்கும் தெரியவில்லை. எடைக்கும் கட்டணத்திற்கும் அச்சொல்லால் யாதொரு வேறுபாடும் இல்லை; ஆகையால் சீட்டைக் கணிப்பொறியில் ஏற்றிவிட்டுப் பார்சலை விடுத்தோம். சொல் மட்டும் என்னோடு வித்துராப் பேருந்தில் ஏறிக்கொண்டது.

வீடு வந்து ஆங்கில அகராதியைப் புரட்டினேன். முட்கரண்டி, பரம்பு முதலிய கருவிகளின் ஒவ்வொரு பல்லுக்கும் 'டைன்' என்று பெயர். வியப்பு யாதெனின், ஆண்மானின் கிளைத்த கொம்பில் உள்ள ஒவ்வொரு கிளைக்கும் அதுவே பெயர். பழைய ஆங்கிலத்தில் அது 'டிண்ட்' என்றிருந்தது. நாளடைவில் ஈற்றெழுத்துத் தேய்ந்து 'டைன்' ஆயிற்று. அதன் உடன்பிறப்பு நார்வே நாட்டு மொழியில் இன்றும் 'டிண்ட்' என்றே வழங்குகிறது. அங்கே அதற்கு மலையுச்சி என்று பொருள். கருவியின் பல், மானின் கொம்பு, மலையின் முடி ஆகிய மூன்றையும் ஒரே கண்கொண்டு பார்த்திருக்கிறார்கள் அவ்வடபுலத்து மக்கள்.

ஆங்கில வேட்டைக்காரர்கள் மான்கொம்பின் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனிப் பெயரிட்டனர். நெற்றிக்கு மேலே முன்னோக்கி நிற்பது 'பிரௌ'. அதற்கு அடுத்தது 'பே'. அதற்கும் அடுத்தது 'டிரே'. இரு கொம்பிலும் சேர்த்துப் பன்னிரண்டு கிளை கொண்ட மானுக்கு 'ராயல்' என்று அரசப் பட்டமே உண்டு. கிளைத்த கொம்பு முழுவதற்கும் இன்று வழங்கும் 'ஆன்ட்லர்' என்னும் சொல்லும் முதலில் அடிக்கிளை ஒன்றையே குறித்து, பின்னர் முழுமைக்கும் பரவியதாம்.

இவற்றையெல்லாம் படித்தபோது எனக்குச் சற்றே பொறாமை உண்டாயிற்று என்பதை மறைக்கவில்லை. நம் மொழியில் இத்தகைய நுட்பம் இல்லையே என்று எண்ணினேன். பிறகு நம் மானை நினைத்துக்கொண்டேன். பேப்பாறைக் காட்டிலும் பொன்முடிச் சரிவிலும் உள்ளது மிளா என்னும் கடமான். திருநெல்வேலிச் சீமையில் நாம் மிளா என்பதை இங்குள்ளோர் ம்லாவு என்பர். கலமான் என்றும் சொல்வர். மிளாவின் ஒரு கொம்பில் பொதுவாக மூன்றே முனைகள்: அடியில் ஒன்று, நுனியில் கவைத்த இரண்டு. புள்ளிமானுக்கும் அவ்வாறே. பன்னிரண்டு கிளை உள்ள நாட்டில் கிளைக்கொரு பெயர் வேண்டும். மூன்றே உள்ள நாட்டில் எதற்கு? தமிழ் குறைந்துவிடவில்லை, நம் மான்தான் எளிமையானது.

சிறுவர்களுக்காக ஒன்று சொல்லிச் செல்கிறேன். மாட்டின் கொம்பும், பொன்முடிப் பக்கத்து வரையாட்டுமொட்டையில் உலவும் வரையாட்டின் கொம்பும் ஆயுள் முழுவதும் நிற்பவை. உள்ளே எலும்பும், அதன்மேல் நம் நகம் போன்ற பொருளால் ஆன உறையுமாக அவை அமைந்துள்ளன. மிளாவின் கொம்போ முழுவதும் எலும்பு. வளரும்போது அதன்மேல் மெல்லிய மயிர்த்தோல் போர்த்திருக்கும். முற்றியபின் தோல் உரிந்துபோகும். பின்னர்க் கொம்பே உதிர்ந்து, புதிதாய் முளைக்கும். ஆங்கிலத்தில் முன்னதற்கு 'ஹார்ன்' என்றும் பின்னதற்கு 'ஆன்ட்லர்' என்றும் இரு சொற்கள் உண்டு. நாம் இரண்டையும் கொம்பு என்றே சொல்கிறோம். எங்கள் பாட்டி வீட்டில் ஒரு மான்கொம்புத் துண்டு இருந்தது. வீக்கத்திற்கு அதனைக் கல்லில் உரைத்துப் பற்றுப் போடுவார்கள். அந்த வழக்கத்தை இன்று எவரும் பின்பற்ற வேண்டா. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, காட்டில் தானே உதிர்ந்து கிடக்கும் கொம்பும் அரசின் உடைமையே. நம் காலனியோ காட்டின் விளிம்பில் உள்ளது. கண்டால் கண்டதோடு வந்துவிடுங்கள்.

நிற்க. கருவிக்கும் கொம்புக்கும் பொதுவான ஒரு சொல் நம்மிடம் உண்டா என்று தேடத் தலைப்பட்டேன். உண்டு. அதுதான் கவை.

ஒன்றாய் வந்து இரண்டாய்ப் பிரிவது கவை. கவைத்தல் என்றாலும் கவர்த்தல் என்றாலும் கிளைத்துப் பிரிதல். மரம் பிரியும் இடம் கவடு. உடம்பு இரு கால்களாகப் பிரியும் இடம் கவட்டை. அந்த வடிவான குச்சியில் இரப்பர் கட்டி நாம் மாங்காய் அடித்த கருவியும் கவட்டையே. சங்கப் புலவர்கள் நண்டின் காலைக் கவைத்தாள் என்றனர்; பிளந்து நிற்கும் வரகின் கதிரைக் கவைக்கதிர் என்றனர். இரட்டைப் பிள்ளைகளுக்குக் குறுந்தொகையில் உள்ள பெயரைக் கேட்டால் நம் வீட்டுப் பெண்கள் மகிழ்வார்கள்: கவைமக. ஒரு கிளை இரண்டாய்ப் பிரிந்தாற்போல ஒரு கருவில் இருவர்!

உ.வே.சாமிநாதையர் 1937இல் உரையோடு பதிப்பித்த அந்தக் குறுந்தொகையில், 213ஆம் பாட்டில் ஒரு மான் வருகிறது. தலைவன் பொருள் தேடப் பாலை வழியே சென்றுவிட்டான். வீட்டில் இருப்பவளுக்குத் தோழி ஆறுதல் சொல்கிறாள். அவன் செல்லும் வழியில் முதிய ஆண்மான் ஒன்று நிற்கும் என்கிறாள். அந்த மான் மரத்தின் பட்டையைக் காலால் உதைத்து வளைத்துப் பசித்த குட்டிக்குக் கொடுக்கும். குட்டி தின்று மிஞ்சியதைத் தான் தின்னும். பிறகு நிழலே இல்லாத அவ்விடத்தில் தன் உடம்பையே குட்டிக்கு நிழலாக்கி வெயிலில் நின்று பொழுது கழிக்கும். அதைக் கண்டவன் திரும்பாமல் இருப்பானோ என்பது தோழியின் உட்கருத்து. அந்த மானுக்குப் புலவர் தந்த அடைமொழி 'கவைத்தலை' என்பது. அதனைப் படித்த இரவில் நான் நெடுநேரம் உறங்கவில்லை. செங்கோட்டை வழியாகவும் நாகர்கோவில் வழியாகவும் மலை கடந்து வந்து, தேயிலைத் தோட்டத்திலும் சாலை வேலையிலும் வெயிலைத் தாம் தாங்கி நம்மை நிழலில் வளர்த்த நம் தந்தையரை நினைத்துக்கொண்டேன்.

இனி, 'கவைக்கு உதவாது' என்னும் தொடர். ஒரு கவைக்கோல் செய்வதற்குக்கூட உதவாத மரம் என்பதே அதன் பொருள் என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்வார். அகராதியோ கவை என்பதற்குக் காரியம் என்றும் ஒரு பொருள் தருகிறது. எது முந்தியது என்று தீர்ப்புச் சொல்ல நான் புலவனல்லன். வேலியில் முள் அடைத்து வளர்ந்த எனக்குப் பெரியவர் சொன்ன பொருளே பிடித்திருக்கிறது.

நான் சொல்ல வந்த செய்தி இனிமேல்தான்.

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் நானும் ஒருவனாகப் பாடம் சொல்லிவருவதை நீங்கள் அறிவீர்கள். என் மகளும் அதே வகுப்பில் படிப்பவள்; வாரநாள்களில் அவள் பயில்வது மலையாள வழிப் பள்ளி. ஒருநாள் 'நான் சென்ற பயணம்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். அவள், "நாங்கள் பேருந்துக்காகக் கவலையில் நின்றோம்" என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் கோடிட்டு, 'கவலையுடன்' என்று திருத்தினேன். அவள் எழுந்து நின்று, "அப்பா, நான் கவலைப்படவில்லையே. பேருந்து வரும் என்று எனக்குத் தெரியும். கவலையிலேதான் நின்றேன்" என்றாள். பிள்ளைகள் சிரித்தனர். அப்போதுதான் எனக்கு விளங்கியது: சாலைகள் பிரியும் இடத்தை மலையாளத்தில் 'கவல' என்பார்கள். கோட்டயம், இடுக்கிப் பக்கத்தில் ஊர்தோறும் ஒரு கவல உண்டு. நம் பக்கத்தில் முக்கு, ஜங்ஷன் என்றே பெரிதும் சொல்வர். ஆயினும் பள்ளிப் பாடத்தில் அவள் அச்சொல்லைக் கற்றிருக்கிறாள்.

எனக்கு வந்த சினம் இன்று நினைத்தாலும் நாணத் தருகிறது. "மலையாளத்தைக் கொண்டுவந்து தமிழிலே கலக்கிறாயே! அப்பன் தமிழ் வாத்தியார், மகள் தமிழ் இப்படியா?" என்று பிள்ளைகள் எதிரிலேயே கடிந்துகொண்டேன். அவள் அழவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு தலைவலி என்றாள். அதற்கடுத்த ஞாயிறு வீட்டுப்பாடம் என்றாள். பிறகு காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். வீட்டில் என்னோடு பேசும்போது தமிழில் ஒரு சொல், இரண்டு சொல்லோடு முடித்துக்கொண்டாள். தோழியரோடு மலையாளத்தில் அருவிபோலப் பேசினாள். இவ்வாறு இரண்டு மாதங்கள் கழிந்தன. ஒரு பிள்ளை தாய்மொழியை விட்டு நகர்வதற்குப் பெரிய காரணம் ஒன்றும் வேண்டுவதில்லை. ஒரு சிவப்புக் கோடு போதும்.

இந்நிலையில்தான் டைன் என்னும் சொல் பார்சலில் வந்தது. அதன் பின்னே கவையைத் தேடிச் சென்ற நான், நகரத்து நூலகம் ஒன்றில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியைப் புரட்டினேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த பெருநூல் அது. கவடு, கவண், கவர், கவலை என்று விரல் இறங்கிக்கொண்டே வந்தது. கவலை என்னும் சொல்லுக்கு மனவருத்தம் என்னும் பொருள் இருந்தது. கூடவே, கவர்த்த வழி என்னும் பொருளும் இருந்தது! சங்கப் பாட்டிலும் சிலப்பதிகாரத்திலும் வழிப்போக்கர் நின்று திகைக்கும் கவலைகள் உண்டு என்று பின்னர் அறிந்தேன். என் மகள் எழுதியது பிழையன்று. தமிழ்நாட்டில் நாம் நாற்சந்தி, முச்சந்தி என்று வடமொழிச் சந்தியை ஏற்று, பழைய சொல்லை மனத்துயருக்கு மட்டும் விட்டுவிட்டோம். மலைக்கு இப்பால் உள்ளவர்கள் அதனைச் சாலையிலேயே வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். எந்த வழியே செல்வது என்று மனம் இரண்டாய்ப் பிரிந்து நிற்பதைத்தானே நாம் கவலை என்கிறோம் என்றும் எண்ணிப் பார்த்தேன். இஃது என் எண்ணமே, அகராதியில் உள்ளதன்று.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். அகராதிப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வந்திருந்தேன். அவள் நெடுநேரம் பார்த்தாள். "அப்படியானால் அந்தக் கோட்டை அழித்துவிடுங்கள்" என்றாள். சிவப்பு மை அழியுமோ? அதன் பக்கத்தில், 'இது சரி. திருத்தியவர் பிழை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். வகுப்பிலும் பிள்ளைகள் எதிரில் அதனைப் படித்தேன். அடுத்த ஞாயிறு அவள் வந்தாள்.

என் தொழிலும் கவைகளால் ஆனதே. இருப்புப்பாதை இரண்டாய்ப் பிரியும் இடத்தில், ஊசிபோல் சீவிய நாக்குத் தண்டவாளங்கள் இரண்டு உண்டு. அவை இப்புறமோ அப்புறமோ ஒட்டிக்கொள்வதைப் பொறுத்தே வண்டி எவ்வழிச் செல்லும் என்பது அமையும். அவற்றை ஆங்கிலத்தில் 'பாயிண்ட்ஸ்' என்பர். நாங்களும் அவ்வாறே சொல்கிறோம். நம்மில் பலருடைய முன்னோர் வந்த வழியும் அத்தகைய ஒரு கவையே. கொல்லத்திலிருந்து புனலூர், செங்கோட்டை வழியாகத் திருநெல்வேலிக்கு 1904இல் மீட்டர் பாதை ஓடத் தொடங்கியது. கொல்லத்திலிருந்து தெற்கே 1918இல் திருவனந்தபுரம் சாலை வரையிலும், 1931இல் தம்பானூர் வரையிலும் பாதை நீண்டது. செங்கோட்டைப் பாதை அகலப்படுத்தப்பட்டு 2018இல் மீண்டும் முழுமையாகத் திறந்தபோது, என் மாமனார் அவ்வண்டியில் ஏறிச் சென்று பகவதிபுரத்துக் காற்றை வாங்கிவிட்டு மறுநாளே திரும்பிவந்தார். வேலை ஒன்றும் இல்லை. பார்த்துவிட்டு வந்தேன் என்றார்.

கவையோடு முள் சேர்ந்தால் கவைமுள். முல்லைப்பாட்டில் பாசறைக் காட்சி ஒன்று வருகிறது. கவளத்தை உண்ண மறுக்கும் யானையை, பாகராகிய இளைஞர்கள் கவைமுள்ளால் குத்தி, வடமொழிச் சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி உண்ணச் செய்கின்றனர். தமிழ்நாட்டு யானைக்கு அன்றே அயல்மொழிப் பாடம்! முள்ளால் குத்தி மொழி பயிற்றும் முறை யானைக்கு ஒத்துவந்ததோ என்னவோ, என் மகளுக்கு ஒத்துவரவில்லை.

யானையை அடக்கும் கருவிக்கு மற்றொரு பழம்பெயர் தோட்டி. திருக்குறளின் 24ஆம் பாட்டை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்திருப்பார்கள். ஐம்பொறிகளாகிய யானைகளை உறுதி என்னும் தோட்டியால் காப்பவனைப் பற்றியது அது. கேரளத்தில் யானைப் பாகர் கையில் வலியகோல், செறுகோல், தோட்டி என மூன்று கருவிகள் உண்டு. நாம் துறட்டி என்றும் அலக்கு என்றும் சொல்லுகிற, மாங்காய் பறிக்கும் கொக்கிக் கழிக்கும் இங்கே தோட்டி என்றே பெயர். என் தாயார் ஊரிலிருந்து வந்திருந்தபோது, பக்கத்து வீட்டு அம்மையார் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இவிடெ தோட்டி உண்டோ?" என்று கேட்டார். என் தாயார் முகம் கறுத்து உள்ளே சென்றுவிட்டார். எங்கள் ஊரில் அச்சொல் தெருவைத் துப்புரவு செய்கிறவரை இகழ்ந்து சொல்வது. அந்தப் பொருள் மலையாளத்திலும் உண்டு. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் எழுதிய நாவலின் பெயரிலேயே அது நிற்கிறது. ஊரைத் தூய்மை செய்யும் மனிதரைக் குறிக்கும் சொல்லை வசையாக்கிக்கொண்டது நம் தலைகுனிவு. அதற்கு அந்த மாங்காய்க் கழி என்ன செய்யும்? பத்து நாள் கழித்து என் தாயாரே சுவரருகே சென்று தோட்டி கேட்டார். இப்போது அவ்விரு வீட்டுக்கும் ஒரே தோட்டிதான்.

முள் என்பதை நாம் எளிதாக நினைக்கிறோம். உணவு மேசைக் கருவி நம்மிடம் வந்தபோது நம்மவர் அதற்கு முட்கரண்டி என்று பெயரிட்டனர். ஆங்கிலேயருக்கும் அது பழைய பொருளன்று. அவர்களுடைய ஃபோர்க் என்னும் சொல் இலத்தீனில் 'ஃபூர்க்கா' என்பது. வைக்கோல் அள்ளும் கவைக்கோலுக்கு உரியது. தாமஸ் கோரியட் என்னும் ஆங்கிலப் பயணி, இத்தாலியில் மக்கள் கவைக்கருவியால் இறைச்சியைப் பிடித்து உண்பதைக் கண்டு 1611இல் தம் நூலில் எழுதினார். தாமும் அவ்வாறே உண்ணத் தொடங்கினார். நண்பர்கள் 'ஃபூர்சிஃபர்' என்று அவருக்குப் பட்டப்பெயர் சூட்டினார்களாம். கவை தாங்கியவன் என்பது அதன் நேர்ப்பொருள். இலத்தீனில் அது போக்கிரிக்கு உரிய வசை. கையால் உண்ணும் நம்மைப் பார்த்து நகைத்தவர்களின் பாட்டனார் காலத்துக் கதை இது.

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் நம் மக்கள் ஃபோர்க்கை முள்ளு என்றும், அதனால் மண்ணைக் கிளறுவதை முள்ளுக்குத்து என்றும் வழங்கினார்கள். இதனை நான் புத்தகத்தில் படித்ததாகச் சொன்னபோது, நம் காலனியில் எண்பதைக் கடந்த பாட்டியார் ஒருவர், தோட்டத்தில் இளமை முழுதும் கழித்தவர், என்னை மேலும் கீழும் பார்த்தார். "புத்தகத்தில் போட்டிருக்கிறானா? எப்படிக் குத்துவது என்று போட்டிருக்கிறானா?" என்றார். அண்டை வீட்டிலிருந்து ஒரு கருவியை வாங்கிவரச் செய்து, முற்றத்தில் செய்து காட்டினார். நேராக இறக்க வேண்டும். சற்றே நெம்ப வேண்டும். அப்படியே உருவிவிட வேண்டும். மண்ணைப் புரட்டக் கூடாது. புரட்டினால் செடியின் வேர் அறும், மழையில் மேல்மண் ஓடும். காற்றும் நீரும் இறங்க வழி செய்தால் போதும் என்றார். பிறகு மூச்சு வாங்கித் திண்ணையில் அமர்ந்துகொண்டு, கவாத்துக் கத்தியைப் பற்றித் தனியே அரைமணி நேரம் பேசினார்.

கோடு என்னும் சொல்லையும் விடக்கூடாது. கோடுதல் என்றால் வளைதல். வளைந்த கொம்பு கோடு, யானைத் தந்தமும் பன்றியின் பல்லும் கோடு, மரக்கிளையும் கோடு. கிளையில் பூப்பது கோட்டுப்பூ. கிளையை அரிவது கோடரி என்று சொல்லாராய்ந்தோர் உரைப்பர். மலையுச்சியும் கோடே, திருச்செங்கோடு அங்ஙனம் நிற்பது. நார்வே நாட்டு டிண்டை நினைவுகூருங்கள். சுவிட்சர்லாந்தில் மாட்டர்ஹார்ன் என்னும் மலையின் பெயரிலும் கொம்பே உள்ளது. இவற்றைக் கண்டு, எல்லா மொழியும் தமிழிலிருந்தே பிறந்தன என்று மேசையைக் குத்திப் பேசுவோர் உண்டு. நான் அவ்வாறு சொல்லமாட்டேன். வானை முட்டி நிற்கும் மலையை எந்நாட்டு மனிதன் பார்த்தாலும் கொம்பே நினைவுக்கு வருகிறது; அவ்வளவுதான். வளைவைக் குறித்த அச்சொல்லை இன்று அடிமட்டம் வைத்து நேராக இழுப்பதற்கு வழங்குகிறோம் என்பது வேடிக்கை. கொம்போ, மலையாளத்தில் இன்றும் விலங்கின் கொம்பையும் மரக்கிளையையும் சேர்த்தே குறிக்கிறது. நமக்கு அது கெ, கே என்னும் எழுத்துகளின் முன்னும் வந்து நிற்கிறது.

உழவில் வரும் கொழு இரு மொழிக்கும் பொது. மாட்டை ஓட்டும் தார்க்குச்சி, காலில் தைத்ததை எடுக்கும் முள்வாங்கி, மூட்டை தைக்கும் கோணி ஊசி, எங்கள் அலுவலகத்தில் 'கொக்கி போடாதே' என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட பெட்டியின்மேலும் விழுந்துவிடும் சுமைக்கொக்கி என்று இன்னும் பல உண்டு. நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டுகிறார்.

பாட்டியார் சொன்ன சொற்களையெல்லாம் என் மகள் ஒரு நோட்டில் எழுதி வருகிறாள். ஒரு பக்கத்தில் தமிழ், எதிர்ப்பக்கத்தில் மலையாளம். கருவியின் படத்தையும் வரைந்துவிடுகிறாள். இதுவரை நாற்பத்திரண்டு சொற்கள் சேர்ந்துள்ளன. முள்வாங்கியின் படம் நண்டுபோல் அமைந்துவிட்டது, அது திருத்தப்படும். அந்த நோட்டு வாயிலருகே, சந்தா வாங்கும் மேசையின் இடப்புறத்தில் இருக்கிறது. கூர்முனையும் கவையும் உள்ள எந்தக் கருவிக்கும் உங்கள் வீட்டில் வழங்கும் பெயர் தெரிந்தால், சாப்பாட்டுக்குச் செல்லுமுன் அவளிடம் சொல்லுங்கள். பேச்சு வழக்கில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே சொல்லுங்கள், திருத்த வேண்டா. பேனா இரண்டு வைத்திருக்கிறோம். இரண்டும் நீல மைதான்.